செவிட்டுச் சங்கின் வேகம்

காலையில் தையல் மேசைக்கு வந்ததும் ஜுசாரா வலது காலின் செருப்பை மட்டும் கழற்றிவிடுவாள். இடது காலில் செருப்பு அப்படியே கிடக்கும். மேசைக்கடியில் கைவிட்டு விசையைத் தட்டுவாள். மோட்டார் தூக்கம் கலைந்து, ம்ம்ம் என்று முனகத் தொடங்கும். உடனே தைக்க மாட்டாள். கண்ணை மூடி, வலது முழங்காலை மோட்டாரின் பக்கவாட்டில் சாய்த்து, அந்த முனகலை எலும்பு வழியாகக் கேட்டபடி பத்து நொடி இருப்பாள். முழங்கால் படும் இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தகடு. பஞ்சும் எண்ணெயும் படிந்து அதன் எழுத்துகள் எப்போதோ மறைந்துவிட்டன. ஜூலையில்தான் அங்கே குளிர்காலம்; அப்போது அது மீன் செதிலைப் போலச் சில்லென்றிருக்கும். பிறகு வெறுங்காலால் மிதியை இரண்டு முறை, நூல் கோக்காமல், தட் தட். அதற்கப்புறம்தான் அன்றைய முதல் சட்டை.

மவா என்ற ஆலை ஊரில், ரயில் பாதைக்கு மேலே வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும் சரிவில், பள்ளிச் சீருடை தைப்பவள் என்றுதான் அவளைத் தெரியும். அறுபது வயது. கணவன் ஒருவன் இருந்தான், போய்விட்டான். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. அவன் சத்தம் பிடிக்காத ஆள், அவள் சத்தத்தை விட்டுவிட்ட ஆள். இருவருக்கும் பேச எதுவும் மிஞ்சவில்லை.

ஒருமுறை தங்கையின் பாவாடையை வாங்கிப்போக வந்த பையன் ஒருவன் கறுப்பு பனியன் போட்டிருந்தான். அதன் நெஞ்சில் பத்தொன்பது வயது ஜுசாரா, வாயைத் திறந்துகொண்டு, இரண்டு டிரம் குச்சிகளையும் தலைக்கு மேலே தூக்கியபடி இருந்தாள். கீழே கோணல் எழுத்தில் 'செவிட்டுச் சங்கு'. ஜுசாரா கண்ணாடியை மூக்கில் இறக்கி உற்றுப் பார்த்தாள். 

"கழுத்துப் பட்டிய ஒத்தத் தையல் போட்டு விட்டிருக்கானுங்க. ரெண்டு துவைப்புல பிஞ்சிடும். கழட்டு, தச்சுத் தரேன்."

அவ்வளவுதான் சொன்னாள்.

செவிட்டுச் சங்கு 1984இல் மூன்று பேர் கொண்ட இசைக்குழு. வால்தெசீர் பீங்கான் ஆலையில் கோப்பைகளுக்குக் காது ஒட்டுகிறவன். பாடுவான், பேஸ் கிட்டாரும் வாசிப்பான். ஜெனிவால்து எப்போதும் வேலை தேடிக்கொண்டிருந்தவன். கிட்டார் அவன் கையில். டிரம்ஸ், சீருடைக் கூடத்தில் தைத்துக்கொண்டிருந்த ஜுசாரா. ஞாயிறு காலையில் கால்பந்துக் கிளப்பின் பின்னால், வலைகளும் சுண்ணாம்பு மூட்டைகளும் போட்டிருக்கும் கொட்டகையில் கூடுவார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு விதி இருந்தது. அதை வகுத்தவன் வால்தெசீர். தகர டப்பா ஒன்றை மலைப் படிக்கட்டில் உருட்டிவிட்டால் அது கீழே போய்ச் சேர்வதற்குள் பாட்டு முடிந்துவிட வேண்டும். மீறிப் போனால் அது பாட்டில்லை, பிரசங்கம்.

பதினொரு பாட்டு, ஒன்பது நிமிடம். கிட்டார், இரும்புக் கதவை யாரோ ரம்பத்தால் அறுப்பதுபோல. குரல், ஓடும் ரயிலைப் பிடிக்கக் கத்திக்கொண்டே ஓடுகிறவனுடையது. அதற்கெல்லாம் அடியில் ஜுசாராவின் வலது கால். அதைக் கேட்கிறவனுக்குத் தன் நெஞ்சு தன்னைவிட்டு இறங்கி முன்னால் ஓடுகிறது என்று தோன்றும்.

பதிவு செய்ய ஜெனிவால்துவின் மச்சான் ஒரு டேப் ரெக்கார்டர் கொடுத்தான். உள்ளே சக்கரத்தைச் சுற்றுகிற ரப்பர் வளையம் அறுந்து கிடந்தது. கடையில் அதே அளவு கிடைக்கவில்லை. ஜுசாரா கூடத்திலிருந்து பள்ளி டிரவுசர் இடுப்புக்கு வைக்கும் எலாஸ்டிக்கில் ஒரு துண்டு கொண்டுவந்து, வளையமாக்கி, மூன்று வரித் தையல் போட்டு மாட்டினாள். சுற்றியது. வாசித்தார்கள். ஒரே ஞாயிறில் பதினொரு பாட்டும் முடிந்தன.

சாயங்காலம் ஒரு நல்ல ரேடியோவில் போட்டுக் கேட்டபோது மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது நாமளாடா?" என்றான் ஜெனிவால்து.

"என் குரல் வாத்து மாதிரி இருக்கு" என்றான் வால்தெசீர்.

"உன் குரல் எப்பவும் வாத்துதான்டா. இப்பத்தான் காதுல விழுது உனக்கு."

சிரித்தார்கள். பிரதி எடுத்தார்கள். தபாலில் அனுப்பினார்கள். அந்த நாளில் ஊர் ஊராக இருந்த இந்த மாதிரி இசைக் கூட்டம் டேப்பைத் தபாலில்தான் மாற்றிக்கொள்ளும். தபால்தலையின் மேல் சோப்பைத் தேய்த்து அனுப்ப வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் முத்திரை மையைக் கழுவிவிட்டு அதே தலையைப் பதில் கடிதத்தோடு திருப்பி அனுப்புவார்கள். ஒரே தபால்தலை ஆறேழு முறை கடல் தாண்டும். நல்ல கையெழுத்து என்பதால் கடிதம் எழுதுவது ஜுசாராவின் பொறுப்பு. பதில்களும் அவள் பெயருக்கே வரும்.

அப்படித்தான் பின்லாந்திலிருந்து இல்போ எழுதினான். அவனும் அவள் வயதுதான், தொழிற்பள்ளியில் மின்சாரம் படிப்பவன், அவனுக்கும் ஒரு இசைக்குழு. முதல் கடிதத்தில் வியப்புக்குறிகள் மட்டுமே முப்பது இருந்தன. இரண்டாவது கடிதம் 1985 மார்ச்சில் வந்தது. ஆங்கிலமும் இல்லாமல் அவள் பேசும் போர்ச்சுகீசும் இல்லாமல் எழுதியிருந்தான். தொழிற்சங்க நூலகத்தில் அகராதியை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தாள். படித்து முடித்ததும் நான்காக மடித்துப் பொத்தான் டப்பாவின் அடியில் போட்டாள்.

அவன் எழுதியிருந்தது இதுதான். உங்கள் டிரம்மரைப் போல அடிக்க எங்கள் ஆள் ஒரு மாதமாக முயன்று படுத்துவிட்டான். சந்தேகப்பட்டு, டேப்பைப் பள்ளிக்கூடத்துக் கருவியில் போட்டு அளந்தேன். கிட்டார் சும்மா இருக்கும்போது ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து ஒரு முனகல் வருகிறதல்லவா, அது மின்சாரத்தின் துடிப்பு. நொடிக்கு ஐம்பது இருக்க வேண்டும். உங்கள் டேப்பில் அறுபது இருக்கிறது. ஆக, பதிவுக் கருவி மெதுவாகச் சுற்றியிருக்கிறது, அதனால் டேப் ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடுகிறது. அது மனித வேகம் இல்லை. பரவாயில்லை, எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

எலாஸ்டிக் நழுவியிருக்கிறது. தன் தையல்தான் காரணம். ஜுசாரா இதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு கொட்டகையில் உட்கார்ந்தபோது கால் எழவில்லை. எழுந்தது, ஆனால் யோசித்து எழுந்தது. யோசிக்கிற காலால் ஓட முடியாது.

"என்ன ஜூ, சவ ஊர்வலத்துக்கா வாசிக்கிற?" என்று கத்தினான் வால்தெசீர்.

"செருப்பு கடிக்குது."

"வெறுங்காலோடதானே உக்காந்திருக்க!"

அன்று முதல் ஞாயிறுகள் குறைந்தன. அடுத்த ஆண்டு குழு இல்லை. உடைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது; ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காமல் போனதுபோலத்தான்.

ஆனால் டேப் நிற்கவில்லை. பிரதியின் பிரதியாகி, யாரோ இசைத்தட்டாக்கி, பிறகு கணினிக்குள் புகுந்து ஓடிக்கொண்டே இருந்தது. அந்தத் தாளத்துக்கு 'மவா அடி' என்று பெயர் விழுந்துவிட்டது. பின்லாந்தில் பழகினார்கள், ஜப்பானில் பழகினார்கள். மவா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத பிள்ளைகள் மவா அடி அடித்தார்கள். கூடம் மூடியபோது சம்பளத்துக்குப் பதிலாகத் தான் தைத்த இயந்திரத்தையே வாங்கிவந்த ஜுசாரா, வீட்டில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள். யாராவது வந்து புகழ்ந்தால் பேச்சை மாற்றிவிடுவாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அது அடக்கம் இல்லை, பயம்.

போன ஆண்டு மே மாதம் தைனாரா வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற இருபத்துமூன்று வயதுப் பெண், ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள். வாசல் கதவைக் குச்சியால் தட்டினாள்.

"ஜுசாரா பாட்டி இருக்காங்களா?"

"அக்கான்னு கூப்பிடு. பாட்டின்னா உன் சட்டைக்கு ஒரு கைதான் வெச்சுத் தைப்பேன்."

"அக்கா! சங்கத்து மண்டபத்துல சனிக்கிழமை மத்தியானம் கச்சேரி வெக்கிறோம். நீங்க மூணு பேரும் வாசிக்கணும். வால்தெசீர் அண்ணன் சரின்னுட்டாரு."

"அவன் எதுக்குத்தான் சரின்னு சொல்ல மாட்டான்? முடியாது போ."

"பின்லாந்துலேருந்து ஆளுங்க வராங்க. அந்தக் குழுவுல இல்போன்னு ஒருத்தரு. உங்களப் பாக்கத்தான் இந்த ஊர்ப் பக்கமே வராராம்."

இயந்திரத்தின் மேல் இருந்த ஜுசாராவின் கை அப்படியே நின்றது. இந்தப் பெரிய உலகத்தில் அந்த வேகம் பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருவன் விமானம் ஏறப் போகிறான். வராமல் ஒளிந்துகொண்டால் அவன் மண்டபத்தில் சொல்லிவிடுவான். வந்தால் முகத்துக்கு நேரே சொல்வான். நாற்பது ஆண்டாகப் பனியன்களில் வாயைத் திறந்துகொண்டிருக்கும் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் ஏமாற்றுக்காரி ஆகிவிடுவாள்.

"வரேன்" என்றாள். ஒளிவதைவிட அது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

பயிற்சி, வால்தெசீரின் வண்டி நிறுத்துமிடத்தில். வால்தெசீர் இப்போது ஞாயிற்றுச் சந்தையில் பாஸ்தெல் பொரிக்கிறான். கறிப்பூரணம் வைத்துப் பொரித்த எண்ணெய் வாசனை அவன் கிட்டாரிலும் ஏறியிருந்தது. ஜெனிவால்து தேவாலயக் குழுவில் வாசிக்கிறான். பாஸ்டருக்குத் தெரியாமல் வந்திருந்தான்.

"கெட்ட வார்த்தை வர்ற எடத்துல நான் வாசிக்க மட்டும் செய்வேன், கூடப் பாட மாட்டேன்" என்றான்.

"எல்லா எடத்துலயும் அதானேடா வருது."

"அப்ப வாசிக்க மட்டும்தான்."

ஜுசாரா நிதானமாக அடித்தாள். நாற்பது ஆண்டு கழித்தும் உடம்புக்கு நினைவிருந்தது, பயமும் கூடவே இருந்தது. வால்தெசீர் அவளுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அவனுக்கும் மூச்சு வாங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்து வாசலில் கரும்புச்சாறு இயந்திரத்துக்குப் பக்கத்தில், வெயிலில் இறால்போலச் சிவந்துபோன ஒரு பெரிய மனிதன் மூன்றாவது பாஸ்தெலைத் தின்றுகொண்டிருந்தான். ஜுசாராவைக் கண்டதும் பாஸ்தெலை யாரிடமோ கொடுத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்து, தலை குனிந்து நின்றான். தைனாரா கைபேசியை இருவருக்கும் நடுவில் நீட்டினாள். அவன் ஏதோ முணுமுணுத்தான். கைபேசி செய்தி வாசிப்பதுபோலப் பேசியது:

"தங்களைச் சந்திப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். என் முழங்கால்கள் நடுங்குகின்றன."

"எனக்கும்தான்னு சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்தி, "எண்பத்தஞ்சுல எனக்கு ஒரு லெட்டர் போட்டீங்களே, அதுல எழுதினது ஞாபகம் இருக்கான்னு கேளு" என்றாள்.

இல்போ நெற்றியைத் தேய்த்தான்.

"நான் நூற்றுக்கணக்கான கடிதங்கள் எழுதினேன். சோப்பு நினைவில் உள்ளது. மற்றவை நினைவில் இல்லை. நான் ஏதேனும் தவறாக எழுதிவிட்டேனா?"

ஜுசாராவுக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அவனுக்கு ஞாபகமே இல்லை! இனி இந்த விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் வாயைத் திறக்காவிட்டால் அது அவளோடே போய்விடும். ஒரு கோப்பைக் கரும்புச்சாற்றை ஒரே மடக்கில் குடித்தாள். எலுமிச்சை கூடுதலாக, நன்றாக இருந்தது.

உள்ளே தைனாரா மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும். பழைய பட்டையை அவிழ்த்த இடம் வீங்கி நீலம் பாரித்திருந்தது.

"என்னடி இது?"

"மூணாவது பாட்டுக்கா. டேப்புல இருக்கற வேகம். ஒரு வருஷமா தினமும் அடிக்கிறேன், பாதியில கை பூட்டிக்குது. டாக்டரு ரெண்டு மாசம் குச்சியத் தொடாதன்னாரு. தொடாம எப்படி இருக்கறது? உங்களால முடிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் ஏன் முடியல?" என்று சிரித்தாள். "நீங்க என்ன சாப்பிட்டீங்க அந்தக் காலத்துல?"

"சோறும் பீன்ஸும்" என்றாள் ஜுசாரா. பட்டையின் முனையை வாங்கித் தானே சுற்றிவிட்டாள்.

மண்டபத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். ஜெனிவால்து கிட்டாரைச் சொருகியதும் பெட்டி ம்ம்ம் என்று முனகத் தொடங்கியது. காலையில் மேசைக்கடியில் கேட்கிற அதே முனகல். ஜுசாரா வலது செருப்பைக் கழற்றினாள். வால்தெசீர் நான்கு எண்ண வாயெடுத்தான்.

"இரு" என்றாள். எழுந்து வந்து அவனுடைய மைக்கை வாங்கினாள். மேடையில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை, வால்தெசீர்கூட.

"ஒரு விஷயம் சொல்லணும். அந்த டேப்பு... அது எங்க வேகம் இல்ல. ரெக்கார்டர்ல பெல்ட்டு அறுந்துபோச்சு. டிரவுசர் எலாஸ்டிக்க நான்தான் தச்சுப் போட்டேன். அது நழுவிடுச்சு. அஞ்சுல ஒரு பங்கு வேகம் கூடிப்போச்சு. எனக்கு எண்பத்தஞ்சுலயே தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல." தைனாரா நின்ற பக்கம் பார்த்தாள். "அத நம்பிக் கைய ஒடச்சுக்காதீங்க. யாராலயும் முடியாது. என்னாலயும் முடியல."

 ஜெனிவால்து மெல்ல, "ஆண்டவரே" என்றான்.

"டிரவுசர் எலாஸ்டிக்கா?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"அரை இஞ்ச்சு" என்றாள் ஜுசாரா.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு மண்டபமே சிரித்தது. தைனாரா மட்டும் சிரிக்கவில்லை. மேடைக்கு நேர் கீழே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஒரு வருஷம்க்கா! ஒரு வருஷமா ஐஸ் கட்டிய வெச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கேன்!"

"தெரியும்டி. அதனாலதான் சொல்றேன்."

"சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியும்? லூசா நீங்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள்: "சரி, வாசிங்க! உங்க வேகம் என்னன்னு பாப்போம்!"

வாசித்தார்கள். நாற்பது ஆண்டில் முதல் தடவையாக யாருடைய வேகத்தையும் துரத்தாமல் ஜுசாரா வாசித்தாள். நிதானம் என்றால் மாட்டுவண்டி நிதானம் இல்லை. சந்தைக்கு நேரமாகிவிட்ட பெண்ணின் நடை. வேகம் குறைந்ததும் இன்னொன்று நடந்தது. பாட்டின் சொற்கள் காதில் விழுந்தன. ஆலைச் சங்கு ஊதியதும் ஓடுகிறவர்கள், ரயிலில் நின்றபடி தூங்குகிறவர்கள், காது ஒட்டிய கோப்பையில் ஒருநாளும் குடிக்காதவன். இத்தனை காலம் அவை ஒரே அலறலாக இருந்தன. பின்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை இடித்து, "டேய், இதுல அர்த்தம்கூட இருக்குடா" என்றான். வால்தெசீருக்கு மூச்சு மிச்சமிருந்தது. இரண்டு பாட்டைத் திரும்பவும் பாடினார்கள். விதிப்படி பார்த்தால் தகர டப்பா கீழே போய்ச் சேர்ந்து வெகு நேரம் ஆகியிருக்கும்.

இல்போ ஒருவன்தான் ஆடவில்லை. யாரோ கைபேசியில் ஜுசாராவின் பேச்சை மொழிபெயர்த்துக் காட்டியதிலிருந்து அவன் முகம் வெயில் சிவப்பையும் மீறிச் சிவந்திருந்தது. பாட்டுகளுக்கு நடுவே மேடையோரம் குந்தி உட்கார்ந்து, கிட்டார் பெட்டியின் முனகலுக்கு அருகில் காதைக் கொண்டுபோய் அசையாமல் இருந்தான். ஜெபம் செய்கிறான் என்று ஜெனிவால்து நினைத்தான். போகும்போது ஜுசாராவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். 

தைனாரா இரண்டு மாதம் குச்சியைத் தொடவில்லை. அதற்குப் பதிலாகச் செவ்வாய் தோறும் ஜுசாராவின் வீட்டுக்கு வந்து, மேசை விளிம்பில் சாய்ந்து, அவள் கால் மிதிப்பதைப் பார்த்துக்கொண்டு அரட்டை அடித்தாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை தபால் வந்தது. மேலே பின்லாந்துத் தபால்தலை, அதன்மேல் சோப்புப் பளபளப்பு. உள்ளே ஒரு தாள், யாரையோ வைத்து ஒழுங்கான போர்ச்சுகீசில் எழுத வைத்தது. தைனாரா வாங்கி வாசித்தாள்.

"'எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கடிதம் எழுதியபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் நாட்டில் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். உங்கள் நாட்டில் எத்தனை என்று கேட்கவே இல்லை. உங்கள் வீட்டில் பழைய மோட்டார் எதுவும் இருந்தால் அதில் பொறித்திருப்பார்கள். தயவுசெய்து பாருங்கள். அறுபது என்று இருந்தால் தப்பு என் கணக்கில்தான், உங்கள் டேப்பில் இல்லை. என்னை மன்னியுங்கள்.' என்னக்கா சொல்றாரு இந்த ஆளு?"

ஜுசாரா விசையை அணைத்தாள். மேசைக்கடியில் குனிந்து, எச்சில் தொட்ட கட்டைவிரலால் முழங்கால் படும் தகட்டைத் தேய்த்தாள். பஞ்சு உருண்டு வந்தது. எண்ணெய்க் கறுப்பு விலகியது.

தகட்டில் 60 என்று இருந்தது. கீழே, மோட்டார் செய்த ஆண்டு: 1983.